எலியின் நரம்பிலே பிறந்த பெயர்

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணை முடிவிலே, எமது பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவர் என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். பல்லாண்டுகளாகக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருபவர்; குரலுயர்த்திப் பேசியறியாதவர். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமீது வைத்தார். அவருடைய மார்பகத்திலிருந்து அகற்றப்பட்ட கட்டியைச் சோதித்து எழுதிய ஆய்வுகூட அறிக்கை அது. வைத்தியர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாராம். ஆயினும் அவ்வேளையில் ஒரு சொல்லும் தம் செவியில் ஏறவில்லை என்றார். ஆங்கிலத்திலிருந்த அத்தாளைத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார்.

அறிக்கையிலே ‘ஹெர்-2/நியூ’ என்றொரு பெயரும், அப்பெயர் கொண்ட பரம்பரையலகு பெருகியிருக்கின்றது என்றொரு வரியும் காணப்பட்டன. நான் கலைப் பட்டதாரி. சரித்திரமும் தமிழும் படித்தவன். விஞ்ஞானத்தில் எனக்குள்ள அறிவு, விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் நின்ற நாட்களில் வகுப்பை அமைதியாக வைத்திருக்கப் போதுமான அளவே. எனினும் அதிபர் நாற்காலியில் இருப்பவனுக்குத் ‘தெரியாது’ என்னும் சொல் எளிதில் வாயில் வருவதில்லை. ‘நியூ’ என்பது புதியது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே என்று எண்ணி, இது புதுவகையான ஒரு பரம்பரையலகுக் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

ஆசிரியையின் முகம் மாறிவிட்டது. “அப்ப இது பரம்பரையாய் வாறதோ சேர்? பிள்ளையளுக்கும் இருக்குமோ?” என்று கேட்டார். அவருக்கு இரண்டு பெண்மக்கள். மூத்தவளுக்கு அப்பொழுது கலியாணம் பேசிக்கொண்டிருந்தனர். பெயரே பரம்பரையலகு என்றிருப்பதால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் மறுமொழி கூறினேன். அடுத்த கிழமை அவர் தாமாகவே அந்தக் கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

கொழும்பிலே வைத்தியராயிருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “சேர், நீங்கள் சொன்ன இரண்டும் பிழை. அந்த ‘நியூ’ புதியதன்று. அஃது எலியின் நரம்புக் கட்டியிலிருந்து வந்த பெயர்” என்றார். நான் கேலி என்றே நினைத்தேன். அவர் அனுப்பிய கட்டுரைகளையும், நானாகத் தேடியெடுத்தவற்றையும் அகராதியின் துணையோடு நான்கு மாதங்களாக வாசித்தேன். அதிலே அறிந்துகொண்டதையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே, ஜேர்மனியின் பிரைபேர்க் நகரத்தில் ஹெர்மன் துருக்ரை என்பவரும் அவருடன் பணியாற்றிய இவான்கோவிச், புறொய்ஸ்மன் ஆகியோரும் நைத்திரசோச் சேர்வைகள் எனப்படும் இரசாயனப் பொருள்களை ஒவ்வொன்றாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வந்தனர். வியப்பு யாதெனின், இச்சேர்வைகள் கண்டபடி நோய் விளைவிக்கவில்லை. ஒன்று ஈரலைத் தாக்கியது. அதற்கு நெருங்கிய இனமான மற்றொன்று உணவுக்குழாயைத் தாக்கியது. வேறொன்று மூளையை நாடிச் சென்றது. ஒரு சேர்வையின் அமைப்பிலே சிறு மாற்றம் நேர்ந்தால் நோய் தோன்றும் உறுப்பும் மாறியது. நெருங்கிய உறவினுள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனங்கூட்டி வளர்த்த எலி வர்க்கங்கள், பெர்லின் என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தையும் துருக்ரையின் பெயரின் முதலெழுத்தையும் இணைத்து ‘பீ.டீ.’ வர்க்கங்கள் என அழைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்பதாம் வர்க்கம் இக்கதையிலே மீண்டும் வரும்.

1966இல் அவர்கள் வெளியிட்ட முடிவொன்றை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் உலாவினேன். எதயில் நைத்திரசோயூரியா என்னும் சேர்வையைச் சினையுற்ற எலிக்கு ஒரேயொரு முறை ஊசி மூலம் ஏற்றினர். எலியின் கர்ப்பகாலம் மூன்று கிழமைக்குச் சற்று மேற்பட்டது. ஊசி ஏற்றியது ஏறத்தாழப் பதினைந்தாம் நாளில். அந்த இரசாயனம் உடலிலே சில நிமிடங்கள்தாம் நிலைக்கும். அதன்பின் தானாகவே சிதைந்துபோகும். தாய் எலிக்கு நரம்புக் கட்டி தோன்றுவது அரிது. குட்டிகள் உரிய நாளிலே பிறந்தன, பால் குடித்தன, வளர்ந்தன. பார்ப்பவர் எவரும் குறைசொல்ல முடியாத குட்டிகள். ஆறேழு மாதங்கள் சென்றபின் ஒன்று நடையில் தள்ளாடும். மற்றொன்றின் பின்னங்கால்கள் இழுபடும். வேறொன்று தலையைச் சரித்தபடியே இருக்கும். திறந்து பார்த்தால் மூளையிலோ, முண்ணாணிலோ, முகத்துக்குச் செல்லும் ஐந்தாம் மண்டையோட்டு நரம்பிலோ, கால்களுக்குச் செல்லும் நரம்புகளிலோ கட்டிகள் காணப்பட்டன. போதிய அளவு மருந்து பெற்ற தாய்களின் குட்டிகளிலே ஏறத்தாழ ஒன்றும் தப்பவில்லை. கருவிலுள்ள குட்டியின் நரம்புத்தொகுதி, வளர்ந்த எலியினதைவிட ஏறத்தாழ 50 மடங்கு எளிதில் இந்நஞ்சுக்கு ஆட்படுகின்றது என்று அவர்கள் கணக்கிட்டனர். கர்ப்பத்தின் முற்பகுதியில், பதினோராம் நாளுக்கு முன்னர், இதே ஊசியை ஏற்றினால் இக்கட்டிகள் தோன்றுவதில்லை. ஆகவே காலம் எது என்பதும் ஒரு காரணமாயிற்று.

இக்கட்டிகள் பெரும்பாலும் நரம்புக்கலங்களினின்றும் தோன்றுவன அல்ல. நரம்புக்கலங்களைத் தாங்கிப் போஷிக்கும் துணைக்கலங்களிலிருந்தும், நரம்பு நார்களுக்கு உறையாக அமையும் சுவான் கலங்களிலிருந்துமே அவை எழுகின்றன. பிறந்த பின்னரும் பிரிந்து பெருகும் ஆற்றலுள்ள கலங்கள் இவை.

நேயர்களே, நான் பிழைவிட்ட இடத்தை ஈண்டு கவனியுங்கள். இக்குட்டிகளின் நோய் பிறப்புக்கு முன்னரே தொடங்கிவிட்டது. ஆனால் அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வழிவழியாக வந்ததன்று. கருவிலிருந்த ஒரு நாளிலே, அக்குட்டியின் சில கலங்களில் மட்டும் ஏற்பட்ட பழுது அது. கருவிலே வந்தது வேறு. பரம்பரையாய் வந்தது வேறு. நம் ஊர்ப்பேச்சிலே இரண்டையும் ‘பிறவியோடு வந்தது’ என்று ஒரே கயிற்றால் கட்டிவிடுகிறோம். அதனால் எத்தனை குடும்பங்கள் வீண்பழி சுமந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரசாயனம் உடலெங்கும் பரவுகின்றதாயின், நரம்பு மட்டும் ஏன் கெடவேண்டும்? இவ்வினாவுக்கு 1974இல் ரெஜீன கோத், மன்பிரெட் ரயெவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு விடையைக் கண்டனர். கலத்தினுள்ளே டீ.என்.ஏ. எனப்படும் நீண்ட இழை உண்டு. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நூல் போன்றது அது. அந்நான்கில் ஒன்றாகிய குவானின் மீது இவ்விரசாயனம் ஒரு சிறு துணுக்கை ஒட்டிவிடுகின்றது. பிரதிசெய்யும்போது கலம் அவ்வெழுத்தைப் பிழையாக வாசிக்கும். நம் முன்னோர் ஏட்டைப் பெயர்த்தெழுதியபோது பாடபேதம் புகுந்தது போல. ஈரலிலும் மூளையிலும் தொடக்கத்தில் ஏற்படும் பழுது பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் ஈரல் அத்துணுக்கை விரைவாக அகற்றிவிடுகின்றது. மூளையோ பன்மடங்கு தாமதிக்கின்றது. அத்துணுக்கை அகற்றும் புரதத்தைப் பற்றிப் பின்னர் அறிந்தவையும் சுவையானவை. ஒரு புரத மூலக்கூறு ஒரு துணுக்கை மட்டுமே கழற்றித் தன்மீது ஏற்றுக்கொள்ளும். அத்துடன் அதன் வாழ்வு முடிந்துவிடும்.

மனிதரின் மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் தெமொசொலமைட் என்னும் மருந்து குவானினின் அதே இடத்தைத்தான் தாக்குகின்றது. கட்டியின் கலங்களில் அத்தியாகப் புரதம் அடங்கிக் கிடந்தால் மருந்து நன்கு வேலைசெய்யும் என்பது 2005இல் வெளியான ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. எலிக்கு நோய் தந்த சேர்வையின் கிட்டிய உறவினரான கார்மஸ்தீன் என்பதும் மூளைக் கட்டிக்கு மருந்தாகப் பயன்பட்டு வருவதே. நஞ்சு எது, மருந்து எது என்று குலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது போலும்.

இனி அந்த மூன்றெழுத்து ஆங்கிலப் பெயருக்கு வருவோம். 1974இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலுள்ள சோல்க் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் சூபேர்ட் என்பவரும் பிறரும், நான் முன்னர் சொன்ன ஒன்பதாம் வர்க்கத்து எலிகளில் இதே முறையால் கட்டிகளைத் தோற்றுவித்து, அக்கட்டிகளின் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரங்களில் வளர்த்தெடுத்தனர். எலி இறந்தாலும் அதன் கலம் இறவாது பெருகிக்கொண்டிருக்கும். அக்கலங்களுட் சில, பொஸ்டனுக்கு அண்மையிலுள்ள மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ரொபேட் வைன்பேர்க்கின் ஆய்வுகூடத்தை அடைந்தன. அங்கே அவற்றின் டீ.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, நோயற்ற சுண்டெலிக் கலங்களுக்குள் செலுத்தப்பட்டது. அக்கலங்களும் கட்டுமீறிப் பெருகத் தொடங்கின. 1981இல் இது வெளியிடப்பட்டது. நோயைக் கடத்திச் சென்ற அந்தப் பரம்பரையலகு, நியூரோபிளாஸ்ரோமா என்னும் நரம்புக் கட்டி வகையில் கண்டெடுக்கப்பட்டதால், அக்கட்டிப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துக்களைப் பெற்று ‘நியூ’ ஆயிற்று. நான் புதியது என்று மொழிபெயர்த்த சொல்லின் வரலாறு இதுவே.

அவ்வாய்வுகூடத்திலே பணியாற்றிய இந்தியரான லக்ஷ்மி சரண் பாடி, 1982இல் அப்பரம்பரையலகு ஆக்கும் புரதத்தை இனங்கண்டார். அது கலத்தின் உட்புறத்தே மறைந்து கிடப்பதன்று. கலமென்சவ்வை ஊடுருவி வெளியே தலைநீட்டிக்கொண்டு நிற்பது. வெளியே நிற்பதனால், குருதியில் வரும் மருந்தொன்று அதனைப் பற்றிக்கொள்ளக் கூடும். இன்று நமக்கு இது வெளிப்படையாகத் தோன்றுகின்றது. அக்காலத்திலோ அவர்கள் நோயின் மூலத்தை அறிவதிலேயே மூழ்கியிருந்தனர். எதிரே கிடந்த மருந்தின் வழி அப்பொழுது அவர்கள் கண்ணிற் படவில்லை. ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியில் மார்க் கிறீன் என்பவரிடம் பயின்ற ஜெப்ரி டிறெபின், அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஒன்றை ஆக்கினார். அதைச் சேர்த்ததும் பாத்திரத்திலிருந்த புற்றுக்கலங்கள் தம் இயல்புக்கு மீளலாயின. அது வெளியானது 1985இல்.

மறு ஆண்டில் வைன்பேர்க்கின் மாணவி கொர்னீலியா பார்க்மன், கெட்ட எழுத்து எது என்பதையே கண்டுவிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோவமிலங்களாலான அப்புரதத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. டீ.என்.ஏ.யிலே தைமின் என்னும் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் அடினின் நின்றது. வெவ்வேறு கட்டிகளில் தனித்தனியே தோன்றியும், மாறிய இடம் ஒன்றாகவே இருந்தது. இங்கே ஒன்றை மறையாது கூறவேண்டும். மாறியது தைமின், ஆகவே சற்று முன் சொன்ன குவானின் பழுதே இம்மாற்றத்தை நேரே விளைவித்தது என்று கூறிவிட முடியாது. இரண்டையும் முடிச்சுப்போட்டால் கதை அழகாயிருக்கும். நானும் முதலில் அப்படித்தான் முடிச்சுப்போட்டேன். என் பழைய மாணவர் அவிழ்த்துவிட்டார்.

எலியின் நரம்பிலிருந்து பெண்ணின் மார்பகத்துக்கு இக்கதை வந்த வழி யாது? 1985இல் கலிபோர்ணியாவின் ஜெனென்ரெக் நிறுவனத்தில் அக்செல் உல்றிக்கும் அவர் குழுவினரும் மனிதரின் பரம்பரையலகொன்றைத் தனியே கண்டெடுத்து, ஹெர்-2 என்று பெயரிட்டனர். அது பதினேழாம் நிறமூர்த்தத்தில் இருப்பது. ஒப்பிட்டுப் பார்த்தபோது, எலியில் ‘நியூ’ எனப்பட்டதன் மனித வடிவமே அது என்பது தெரிந்தது. அறிக்கையிலே இரு பெயர்களுக்கும் இடையே ஒரு சாய்கோடு நிற்பது இக்காரணத்தால்தான். 1987இல் டெனிஸ் சிலேமன் என்னும் வைத்தியரும் பிறரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதில் இப்பரம்பரையலகு அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதையும், அத்தகைய பெண்களுக்கு நோய் விரைவில் மீளுவதையும் கண்டனர். இப்பொழுது நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது என்றே கணிக்கின்றனர்.

எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே விட்டுவிடலாகாது. எலியின் கட்டியில் எழுத்து மாறியிருந்தது. பெண்ணின் கட்டியில் எழுத்துப் பெரும்பாலும் சரியாகவே உள்ளது. ஆனால் இரண்டு படிகள் இருக்கவேண்டிய இடத்தில் பத்து, இருபது படிகள் இருக்கின்றன. அந்தப் பெருக்கம் கட்டியின் கலங்களிலேதான். அவருடைய ஏனைய கலங்களில் அது இல்லை, கருமுட்டையில் இல்லை. ஆகவே அவர் மக்களுக்கு அது செல்லாது. மார்பகப் புற்றுநோயில் குடும்பவழி வருவதும் உண்டு என்பது மெய்யே. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை அத்தகையவை. அவற்றுக்குக் காரணமான பரம்பரையலகுகள் வேறு. தாய்க்கு இந்நோய் வந்தது என்று மகள் தன் வைத்தியரிடம் சொல்லிவைப்பது நன்றுதான். ஆனால் ‘ஹெர்-2/நியூ பெருகியிருக்கின்றது’ என்னும் வரி குலத்தைப் பற்றியதன்று, கட்டியைப் பற்றியது. ‘பரம்பரையலகு’ என்று நம் கலைச்சொல்லாக்கக் குழுவினர் இட்ட பெயர் நல்ல பெயர்தான். ஆயினும் என்னைப்போல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளை விடுபவன் கையில் அது ஆபத்தாகிவிடுகின்றது.

மருந்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹெர்-2 புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரி சுண்டெலியிலிருந்தே பெறப்பட்டது. மனித உடல் அதை அந்நியமென்று தள்ளிவிடாதிருக்க, அதன் பெரும்பகுதி மனிதருக்குரியதாக மாற்றியமைக்கப்பட்டது. அதுவே டிராஸ்டுசுமாப். 1998 செப்தெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்க நிலையிலுள்ள நோயில், சத்திரசிகிச்சைக்குப் பின் இதனையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் மீளும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது என்பது 2005இல் வெளியான பரிசோதனைகளில் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இதயத்தின் தொழிற்பாட்டை இம்மருந்து சிலரில் தளரச் செய்யுமாதலால், இடையிடையே இதயத்தைச் சோதித்துக்கொள்ளுதல் அவசியம்.

இவ்வளவையும் ஓரளவு விளங்கிக்கொண்டபின், ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆசிரியையின் வீட்டுக்குச் சென்றேன். மூத்த மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவளையும் இருக்கச் சொல்லி, முதலில் என் பிழையைச் சொன்னேன். “ரீச்சர், நான் உங்களுக்குச் சொன்னது பிழை, இதை உங்கள் வைத்தியரிடமும் கேட்டு உறுதிசெய்யுங்கள்” என்றேன். பின்னர் பிரைபேர்க் எலிகளில் தொடங்கி, சாய்கோட்டின் இருபுறமும் நிற்கும் பெயர்கள் வரை, ஒரு கொப்பியிலே படம் கீறிக் காட்டினேன். வகுப்பில் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே சொல்ல முயன்றேன். அவர் இடைமறிக்காது கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவிலே அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “அந்தத் தாய் எலிகள் குட்டிகளுக்குப் பால் குடுத்துக்கொண்டுதானே இருந்திருக்கும் சேர்?” என்றார். ஆம் என்றேன். ஆராய்ச்சியில் விலங்குகளுக்குப் பதில் வேறு வழி காணவும், அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கவும், வேதனையைத் தணிக்கவும் வேண்டும் என்று ரசெல், பேர்ச் என்னும் இருவர் 1959இலேயே நூல் எழுதியிருப்பதையும், அக்கொள்கை பின்னர் பல நாடுகளின் சட்டங்களில் இடம்பெற்றிருப்பதையும் எடுத்துக் கூறினேன். பிரைபேர்க்கின் எலிகளுக்கு அது எவ்வளவு உதவியது என்று அவர் கேட்டிருந்தால், எனக்கு மறுமொழி இருந்திராது. அவர் கேட்கவில்லை. தாம் பெற்றுக்கொள்ளும் மருந்து அவ்வழியாகவே வந்தது என்பதை அறிந்தபின், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நன்றென்று சொல்லவும் நா எழவில்லை. அவரும் அவ்வாறே இருந்தார் என்று நினைக்கின்றேன்.

மகள் மட்டும் அந்தக் கொப்பித் தாளைக் கிழித்துத் தரலாமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று கிழமைக்கொரு முறை ஆசிரியை மருந்தேற்றிக்கொள்ள வைத்தியசாலைக்குச் செல்கின்றார். மறுநாள் வகுப்புக்கும் வந்துவிடுகின்றார். சென்ற மாதம் விடுமுறை விண்ணப்பத்தில் கையொப்பம் பெற வந்தவர், போகும்போது கதவருகில் நின்று, மூத்தவளின் குறிப்பை மறுபடியும் தரகரிடம் கொடுத்திருப்பதாகவும், மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்கவேண்டாம் என்று தாம் சொல்லியிருப்பதாகவும் கூறினார்.